அப்பா இருக்கும் இல்லம்: சேலத்தில் முதியோர் இல்லம் தேடுகிறவர்களுக்கு

இந்த இல்லத்துக்கு என் மார்க் ஐந்துக்கு மூன்றரை. பகல் கவனிப்புக்கு நாலரை, இரவுக்கு இரண்டு, சாப்பாட்டுக்கு நாலு, பில்லுக்கு இரண்டரை. கூட்டி நாலால் வகுத்தால் மூன்றேகால்தான் வரும். மீதிக் கால் ஒரு ஆயாம்மாவுக்காக நான் கூடுதலாகப் போட்டது. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இல்லத்தின் பெயரை எழுதவில்லை. அப்பா இன்னும் அங்கேதான் இருக்கிறார். நான் இங்கே எழுதுவது அங்கே அவர் தட்டில் போய் விழக் கூடாது. கோரிமேடு தாண்டி ஏற்காடு அடிவாரம் போகிற பக்கம், இரண்டு மாடிக் கட்டடம், 34 பேர் இருக்கிறார்கள் என்பது வரைக்கும் போதும்.

எனக்குத் தொழில் கணக்கு. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறைகளுக்கும் கொலுசுக் கடைகளுக்கும் கணக்கு எழுதி ஜிஎஸ்டி போட்டுக் கொடுக்கிறேன். நர்ஸ் வேலை எனக்குத் தெரியாது. ரிஜிஸ்டர் பார்க்கத் தெரியும். இந்த மதிப்புரையில் பாதி அதிலிருந்து வந்ததுதான்.

அப்பாவுக்கு 79 வயது. அரசு பஸ் டிரைவராக இருந்தவர். சேலம் – ஏற்காடு தடத்தில்தான் பாதி சர்வீஸ். இப்போது நடுக்குவாதம், டாக்டர்கள் பார்க்கின்சன் என்பது. கை நடுக்கம் மட்டும்தான் இந்த நோய் என்று பலர் நினைக்கிறார்கள். நடுக்கத்தை விட மோசம் உடம்பு இறுகிப்போவது. படுத்தால் புரள முடியாது, நடந்துகொண்டே இருக்கும்போது கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடும், விழுங்குவது சிரமம், மலச்சிக்கல், உட்கார்ந்து எழுந்தால் பிபி இறங்கிவிடும். அம்மா இருந்தவரை வீட்டில் சமாளித்தோம். பிறகு ஏஜென்சி மூலம் ஆள் வைத்துப் பார்த்தோம். மாதத்துக்கு ஒரு முகம் மாறியது. அந்தக் கதையை விடுங்கள்.

முதலில் ஏற்காட்டில் ஒன்று பார்த்தோம். அப்பாவுக்கு மலை என்றால் உயிர். இடம் அருமைதான்: காப்பித் தோட்டத்தை ஒட்டி, ஜன்னலைத் திறந்தால் மூடுபனி. அண்ணன் அங்கேயே அட்வான்ஸ் கொடுக்கத் தயாராகிவிட்டான். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: நடுராத்திரி மூச்சு முட்டினால் எங்கே கொண்டுபோவீர்கள்? சேலத்துக்கு என்றார்கள். அதாவது 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்க வேண்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் அந்தப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றுபோனது, குப்பனூர் வழியாகச் சுற்றிப் போனார்கள். நடமாட்டமாக இருக்கிற பெரியவர்களுக்கு ஏற்காடு சொர்க்கம். விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்க வேண்டும். அப்பாவே சொல்லிவிட்டார், "அந்த ரோட்டுல ராத்திரி ஆம்புலன்ஸ் ஓட்டுறவன் பாவம் கண்ணு, வேண்டாம்" என்று.

அழகாபுரம் பக்கம் ஒரு வீட்டை இல்லமாக மாற்றியிருந்தார்கள். நல்ல மனிதர்கள். ஆனால் பாத்ரூம் வாசலில் அரையடி உயரத்துக்குப் படி. அதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை, திரும்பிவிட்டோம்.

அடிவாரத்து இல்லத்தில் பாத்ரூம் தரை சமமாக இருந்தது. டாய்லெட்டுக்கு இரண்டு பக்கமும் பிடிக்கக் கம்பி, அதுவும் ஆட்டிப் பார்த்தால் அசையாத கம்பி. கட்டில் உயரம் சரி. தோட்டம், சாமி ரூம், டிவி ஹால் எல்லாம் உண்டு. எல்லா இல்லத்திலும் உண்டு. அதற்கெல்லாம் நான் மார்க் போடவில்லை.

இனி முக்கியமான விஷயம், மாத்திரை.

நடுக்குவாதத்துக்குக் கொடுக்கிற லெவோடோபா மூளைக்குப் போய், உடம்பு அசையத் தேவையான டோபமைன் என்ற ரசாயனமாக மாறுகிறது. நோய் முற்ற முற்ற ஒரு மாத்திரையின் பலன் சில மணி நேரத்துக்குத்தான் நிற்கும். அடுத்தது நேரத்துக்குப் போகாவிட்டால் மனிதர் கட்டையாகிவிடுவார். திடீரென்று நிறுத்தினால் ஆபத்தே வரும். இன்னொன்று, பருப்பு, முட்டை, பால் போன்ற புரதச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கினால் உடம்பில் சரியாக ஏறாது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் கொடுக்கச் சொல்லி எங்கள் நரம்பு டாக்டர் எழுதியே கொடுத்தார். அப்பாவுக்கு அப்போது ஏழு, பதினொன்று, மூன்றரை, எட்டு என்று நாலு வேளை.

சேர்த்த புதிதில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்தால் அப்பாவின் பேச்சு சில நாள் தெளிவாக இருக்கும், சில நாள் முனகலாக வரும். ஒரு நாள் காலை பதினோரு மணி வாக்கில் போயிருந்தபோது மருந்து ரிஜிஸ்டரைக் கேட்டு வாங்கினேன். அன்றைய தேதியில் ராத்திரி எட்டு மணிக் கட்டத்தில் டிக் விழுந்திருந்தது. மணி இன்னும் பன்னிரண்டு கூட ஆகவில்லை.

பின்னாலிருந்த பக்கங்களைப் புரட்டினேன். அந்தந்த நேரத்தில் எழுதிய கணக்கில் பேனா மாறும், எழுத்து அவசரத்தில் கோணும், எங்காவது ஓர் அடித்தல் இருக்கும், ஒரு எண்ணெய் விரல் பதிந்திருக்கும். மொத்தமாக உட்கார்ந்து எழுதியதில் ஒரே மை, ஒரே அழுத்தம், ஒரே சாய்வு. நிறையப் பட்டறைக் கணக்குகளில் பார்த்ததுதான், மார்ச் மாதக் கடைசியில் ஒரு வருஷத்தை ஒரே ராத்திரியில் எழுதிக் கொண்டுவருவார்கள். இங்கே வாரத்தில் நாலைந்து பக்கம் அப்படி இருந்தது.

டிக்கை வைத்துச் சண்டை போட முடியாது. கையிருப்பை எண்ணினேன். மாத ஆரம்பத்தில் 14 மாத்திரை இருந்தது, நான் வாங்கிக் கொடுத்தது 120. ரிஜிஸ்டர்படி முப்பது நாளில் 120 செலவு. மீதி 14 இருக்க வேண்டும். டப்பாவில் 23 இருந்தது. பட்டறையில் வெள்ளி குறைந்தால் சண்டை வரும். இங்கே கூடியிருந்ததால் வந்தது.

மேனேஜர் மறுக்கவில்லை, அதற்காக அவருக்கு நன்றி. "எட்டு மணி ஷிஃப்ட் மாறுற நேரம் மேடம்" என்றார். பகல் சிஸ்டர், "இரவு சிஸ்டர் கொடுப்பார்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். இரவு சிஸ்டர் வந்து பார்த்தால் கட்டத்தில் டிக் இருக்கிறது, கொடுத்தாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார். யாரிடமும் கெட்ட எண்ணம் இல்லை. மாத்திரை மட்டும் டப்பாவிலேயே இருந்துவிடுகிறது. டாக்டரைக் கேட்டு ராத்திரி வேளையை ஏழரைக்கு மாற்றினோம். பகல் சிஸ்டரே கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ரிஜிஸ்டரும் ஆபீஸ் மேஜையிலிருந்து அறை வாசலுக்கு வந்துவிட்டது. அதன் பிறகு மாதக் கடைசியில் எண்ணினால் ஒன்று இரண்டுக்கு மேல் வித்தியாசம் வருவதில்லை. நீங்கள் எந்த இல்லத்தில் சேர்த்தாலும் மாத்திரையை நீங்களே வாங்கிக் கொடுங்கள், மாதத்துக்கு ஒருமுறை எண்ணுங்கள். இதற்கு நர்சிங் படிக்க வேண்டியதில்லை, கூட்டல் கழித்தல் போதும்.

இப்போது அந்த ஆயாம்மா.

ஏற்காடு மலைக் கிராமத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். படிப்பு ஐந்தாவதோ ஆறாவதோ. அப்பாவுக்குக் கட்டிலிலிருந்து பாத்ரூம் போகிற வழியில், சரியாகக் கதவு நிலையில், கால் நின்றுவிடும். எல்லா அட்டெண்டர்களும் பழைய வழக்கப்படி கையைப் பிடித்து இழுத்தார்கள். இழுத்தால் மேல் உடம்பு முன்னால் போகும், கால் வராது, விழுவதற்கு அதை விட நல்ல வழி கிடையாது. வாரம் இரண்டு நாள் வருகிற பிசியோதெரபி பையன் பேச்சுவாக்கில், தரையில் கோடு இருந்தால் இவர்களுக்குக் கால் எழும் என்று சொல்லியிருக்கிறான். மறுநாள் இந்த அம்மா எலக்ட்ரிக் கடையில் சிவப்பு இன்சுலேஷன் டேப் வாங்கி வந்து, கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் ஓரடிக்கு ஒன்றாகக் குறுக்கே ஒட்டிவிட்டார். கதவு நிலையில் மட்டும் இரண்டு பட்டை.

நான் பார்த்தேன். அப்பா நிலைக்கு வந்து நின்றார். கால் உதறியது, நகரவில்லை. அந்த அம்மா இழுக்கவில்லை, பக்கத்தில் நின்றுகொண்டு, "தாத்தா, செவப்புக் கோட்டைத் தாண்டுங்க" என்றார். அப்பா குனிந்து கோட்டைப் பார்த்தார். வலது கால் மெல்ல எழுந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. அப்புறம் இடது கால். "முப்பது வருஷம் கோட்டைத் தாண்டாம வண்டியை நிறுத்தினவன் நான். இப்ப தாண்டுங்கறியேம்மா" என்று அப்பா சொல்ல, அந்த அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஈர மாப் போட்டால் டேப் உரிந்துவிடும். தரையில் பசை ஒட்டுகிறது என்று துப்புரவு ஆட்கள் முணுமுணுத்தார்கள். மேனேஜர், இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டார். டேப்புக்கு நான் காசு கொடுத்தபோது, "பத்து ரூபாய்க்கு என்னம்மா" என்று வாங்கிக்கொள்ளவே இல்லை. அவர் டூட்டியில் இருக்கும்போது அப்பா எழுந்ததும் நிற்பதில்லை. இரண்டு நிமிடம் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்காருகிறார், பிபி இறங்கித் தலை சுற்றாமல் இருக்க. டம்ளரில் பாதிதான் தண்ணீர், கை நடுங்கினாலும் சிந்தாமல் இருக்க. அதைக் கட்டிலின் வலது பக்கம், கை எட்டுகிற இடத்தில் வைக்கிறார். கேட்டால் கொடுப்போம் என்று தண்ணீரை அலமாரியில் வைக்கிற இல்லங்களைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்தேன். பெரியவர்கள் கேட்பதில்லை. பாத்ரூமுக்கு யாரையாவது கூப்பிட வேண்டுமே என்று தண்ணீரையே குறைத்துக்கொள்வார்கள். அப்புறம் மலச்சிக்கல், நீர்க்கடுப்பு, காய்ச்சல் என்று வரிசையாக வரும்.

வந்தது ஒருமுறை. ஒரு மதியம் பகல் சிஸ்டர் போன் செய்தார்: "அப்பா சம்பந்தமில்லாம பேசறார், ஜுரம் பெரிசா இல்லை, ஆனா யூரின் டெஸ்ட் எடுத்துடலாம்." வயதானவர்களுக்குச் சிறுநீரில் கிருமி சேர்ந்தால் சில சமயம் எரிச்சல் தெரியாது, புத்திதான் தடுமாறும். அது தெரிந்த சிஸ்டர் இருப்பது பெரிய விஷயம். வயசாயிடுச்சு, அப்படித்தான் என்று விட்டிருந்தால் இரண்டு நாளில் ஐசியு. பகலுக்கு நாலரை போட்டது இதற்காகத்தான். அரை குறைத்ததற்கும் காரணம் அதே காய்ச்சல். வாந்தி எடுத்ததும், வாரம் இரண்டு நாள் வருகிற டாக்டர் போனிலேயே மெட்டோக்ளோப்ரமைடு ஊசி சொல்லிவிட்டார். சாதாரண வாந்தி ஊசிதான். ஆனால் அது டோபமைனைத் தடுக்கும். நடுக்குவாதக்காரர்களுக்குப் போட்டால் இறுக்கம் கூடிவிடும். அப்பாவின் ஃபைலில் முதல் பக்கத்திலேயே, "மெட்டோக்ளோப்ரமைடு, ஹாலோபெரிடால் கூடாது" என்று நான் சிவப்பில் எழுதி ஒட்டியிருந்தேன் (ஹாலோபெரிடால் மனக்குழப்பத்துக்குக் கொடுப்பது, அதுவும் டோபமைனைத் தடுக்கும்). சிஸ்டர் அதைப் பார்த்து டாக்டரிடம் திரும்பக் கேட்டு, அதற்குப் பதிலாக டோம்பெரிடோன் கொடுத்தார்கள். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு நடுக்குவாதம் என்றால் இந்த ஒரு வரியையாவது ஃபைலில் எழுதி வையுங்கள்.

படுக்கைப்புண் இதுவரை இல்லை. போகும்போதெல்லாம் சாக்ஸைக் கழற்றிக் குதிகாலைப் பார்ப்பேன். சிவப்பாக இருந்தால் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் பரவாயில்லை, அழுத்தியும் வெளுக்காவிட்டால் புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். வால் எலும்பு, இடுப்பு எலும்பு இரண்டையும் அப்படியே பார்க்க வேண்டும். இங்கே கெண்டைக்காலுக்கு அடியில் டவலைச் சுருட்டி வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி வைக்கிறார்கள். பகலில் இரண்டு மணிக்கொரு தடவை புரட்டியும் விடுகிறார்கள். இரவில்?

இரவு ரிஜிஸ்டரில் பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு என்று வரிசையாக டிக் இருக்கிறது. ஒரே மை.

ஒருநாள் ராத்திரி ஒன்பதரைக்குச் சொல்லாமல் போனேன். 34 பேருக்கு இரண்டே பேர்: கீழே ஒரு சிஸ்டர், மாடியில் ஒரு அட்டெண்டர். பகலில் ஏழு பேர் இருக்கிற இடம். அப்பாவின் அறைக்குள் போய்ச் சுவரிலிருந்த காலிங் பெல்லை அழுத்திவிட்டு உட்கார்ந்தேன். சுவர்க் கடிகாரத்தில் பதினோரு நிமிடம் கழித்து அந்த அட்டெண்டர் பெண் ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. மூன்றாவது அறையில் ஒரு பாட்டிக்கு டயபர் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். ஜார்க்கண்ட் பெண், இருபத்திரண்டு வயது இருந்தால் அதிகம். தண்ணி, வலி, பாத்ரூம், போதும் என்று தேவையான தமிழை வேலையிலேயே கற்றுக்கொண்டிருக்கிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். பதினேழு பேரை ஒருத்தி இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப்போட முடியாது. அப்படி ரிஜிஸ்டரில் எழுத மட்டும்தான் முடியும். இன்னொரு ஆள் போடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். பார்க்கலாம் என்கிறார்கள். அதனால்தான் இரவுக்கு இரண்டு.

அந்தப் பெல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லாக் கட்டிலுக்கும் காலிங் பெல் என்று நோட்டீஸில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். பொத்தான் சுண்டுவிரல் நகம் அளவு. நடுங்குகிற கைக்கு அது அகப்படாது. அண்ணன் ஓசூரிலிருந்து வரும்போது வயர் இல்லாத பெல் ஒன்று வாங்கி வந்தான், உள்ளங்கை அகலத்துக்குப் பொத்தான். கட்டில் கம்பியில் கட்டிவிட்டோம். இப்போது அப்பா முழங்கையாலேயே அழுத்திவிடுகிறார். இல்லத்தைப் பார்க்கப் போகிறவர்கள் பெல் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். பெரியவரையே கூட்டிப்போய் அழுத்தச் சொல்லுங்கள். மொத்தம் எத்தனை ஸ்டாஃப் என்றும் கேட்காதீர்கள், சமையல்காரர், வாட்ச்மேன் எல்லோரையும் சேர்த்துச் சொல்வார்கள். நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு மாடியில் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். பதில் உடனே வருகிறதா என்பதைக் கவனியுங்கள்.

ஒரு நல்ல விஷயம், கட்டிப்போடுவது இல்லை. பக்கத்து அறையில் மறதி நோய் உள்ள ஒரு பாட்டி, பொழுது சாய்ந்தால் வீட்டுக்குப் போகணும் என்று வாசல் கேட்டுக்குப் போய்விடுவார். யாராவது ஒருவர் கூடவே நடந்து போய், கேட்டருகே கொஞ்ச நேரம் நின்று, பேச்சுக் கொடுத்துத் திரும்பக் கூட்டி வருகிறார்கள். தினமும். மாத்திரை கொடுத்துத் தூங்கவைப்பது அவர்களுக்குச் சுலபம், செய்வதில்லை.

சாப்பாடு நன்றாகவே இருக்கிறது. குழைந்த சாதம், காலையில் ராகிக் கூழ் அல்லது இட்லி, மாம்பழ சீசனில் மல்கோவாவை மசித்துக் கொடுத்தார்கள். முதலில் மூன்றரை மாத்திரையோடு சுண்டலும் பாலும் வந்துகொண்டிருந்தது. சொன்னதும் நேரத்தைப் பிரித்துவிட்டார்கள், பருப்பும் முட்டையும் பெரும்பாலும் ராத்திரிக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை சமையல்காரருக்கு லீவு, அன்றைக்குச் சாம்பார் பெயருக்குத்தான். அண்ணன் பையன் ஆசையாகத் தட்டுவடை செட் வாங்கிப் போனபோது சிஸ்டர் வாசலிலேயே மறித்துவிட்டார். நொறுங்கின துண்டு தொண்டையில் சிக்கினால் நுரையீரலுக்குள் போய்விடும் என்று பொறுமையாகச் சொன்னாராம். அப்பாவுக்கு அவர்மேல் இன்னமும் கோபம். எனக்கு இல்லை.

பில். மாதம் 28,000, அட்வான்ஸ் இரண்டு மாதம். பிசியோதெரபி ஒரு தடவைக்கு 400, அது தனி. இதெல்லாம் முதலிலேயே சொன்னார்கள், நியாயமாகவும் படுகிறது. ஆனால் மூன்றாவது மாதத்திலிருந்து "நர்சிங் பொருட்கள்" என்று ஒரு வரி 2,350 ரூபாய்க்கு வந்தது. விவரம் கேட்டேன். ஒரு டப்பா கையுறை, அதே ஒரு டப்பாவை மாடியிலுள்ள எல்லோர் பில்லிலும் ஏற்றியிருக்கிறார்கள் என்று பக்கத்துக் கட்டில்காரரின் மகளிடம் அவர் பில்லை வாங்கிப் பார்த்ததும் தெரிந்தது. டயபர் 90 என்று போட்டிருந்தார்கள். அப்பா ராத்திரி மட்டும்தான் கட்டுகிறார், மாதத்துக்கு 30. எடுத்துச் சொன்னதும் அடுத்த பில்லில் கழித்துவிட்டார்கள். கேட்டால் திருத்துகிறார்கள், சரி. வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் பணம் அனுப்புகிற பிள்ளைகள் யாரும் கேட்பதில்லையே. பிரித்து எழுதாத பில்லுக்குப் பணம் கட்டாதீர்கள்.

திருவிழாக் காலத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலைக்காரர்கள் எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள், நம் ஆயாம்மாவும்தான். போகத்தான் வேண்டும், வருஷத்தில் அவருக்கு இருக்கிற ஒரே கொண்டாட்டம். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு டவுன் ஆட்கள் லீவு. அந்த வாரங்களில் ஏஜென்சியிலிருந்து தற்காலிக ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்குச் சிவப்புக் கோடு எதற்கென்று தெரியாது, மறுபடி கையைப் பிடித்து இழுக்கிறார்கள். போன மே மாதம் அப்பா முட்டியில் சிராய்ப்போடு இருந்தார். இப்போது கட்டிலின் தலைமாட்டில் ஒரு அட்டை தொங்கவிட்டிருக்கிறேன்: இழுக்காதீர்கள், கோட்டைக் காட்டுங்கள், எழுந்ததும் இரண்டு நிமிடம் உட்காரவையுங்கள், டம்ளரில் பாதி. ஜார்க்கண்ட் பெண்ணுக்காக இந்தியிலும் எழுதித் தரச் சொல்லி வாங்கினேன்.

பதிவுச் சான்றிதழைப் பார்த்துவிட்டுத்தான் சேர்த்தோம். நீங்களும் கேளுங்கள், மாவட்டச் சமூக நல அலுவலகத்திலும் விசாரித்துக்கொள்ளுங்கள். பெற்றோர் பராமரிப்புக்கென்று 2007-இலிருந்து தனிச் சட்டமே இருக்கிறது. 14567 என்பது மூத்த குடிமக்களுக்கான உதவி எண். அந்த எண்ணை அப்பாவின் தலைமாட்டு அட்டையில் அடியில் எழுதியபோது மேனேஜர் முகம் கொஞ்சம் சுருங்கியது; எடுக்கச் சொல்லவில்லை. ராத்திரி அவசரம் என்றால் எந்த ஆஸ்பத்திரி, யார் கூடப் போவது, எங்களுக்குப் போன் முதலிலா பிறகா என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறோம். எங்கள் விஷயத்தில், முதலில் கிளப்பு, அப்புறம் போன் செய்.

யாருக்கு இந்த இடம் சரிவரும்? சேலத்திலோ ஓமலூரிலோ இருந்துகொண்டு வாரம் ஒருமுறையாவது போய்வரக் கூடியவர்களுக்குத் தாராளமாகச் சொல்வேன். சொன்னால் கேட்கிறார்கள், அது எல்லா இடத்திலும் கிடைக்காது. படுத்த படுக்கையாக இருக்கிறவர்களை, உள்ளூரில் யாருமில்லாமல், இங்கே விட நான் சொல்ல மாட்டேன், இரவில் மூன்றாவது ஆள் வரும்வரை. "பெத்த அப்பனைக் கொண்டுபோய் ஹோம்ல விட்டுட்டா" என்று பேசுகிற சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டிலும் உண்டு. அவர்களில் ஒருவர்கூட அப்பாவின் குதிகாலைப் பார்த்ததில்லை.

பார்வை நேரம் காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை. ஐந்துக்கு மேல் வருவதானால் முன்கூட்டியே போன் செய்யச் சொல்லி கேட்டில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். நான் போன் செய்வதில்லை. வாட்ச்மேன் ஒருநாளும் தடுத்ததில்லை, மேனேஜரும் ஏன் வந்தீர்கள் என்று கேட்டதில்லை. அதை அவர்கள் பக்கம் வரவு வைத்திருக்கிறேன்.